முந்நூற்றுப் பதின்மூன்றாவது சீட்டு

நாலாவது எண்ணெய்க் கேனையும் தார்ப்பாய் சுற்றிய ஓட்டுப் பெட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள் கின்சி. காலி மஞ்சள் கேன்கள். மிதக்கும்.

எதிரே ஆறு. காலையில் ஒட்டகங்கள் நடந்துபோன மணல். இப்போது செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. மலையில் எங்கோ மழை.

அக்கரையில் நகரம் தெரிந்தது. சூரியன் மறைவதற்குள் பெட்டி அங்கே போய்ச் சேரவேண்டும். பிந்தி வரும் பெட்டியை எண்ணமாட்டார்கள்.

சோமாலிலாந்துக்கு வயது பத்து. உலகத்தில் எந்த நாடும் அதை நாடென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அரசியல் சட்டம் எழுதியாகிவிட்டது. அது வேண்டுமா, வேண்டாமா என்று இன்று ஊர் ஊராகச் சீட்டுப் போட்டிருந்தார்கள். கின்சி தன் சொந்த ஊர்ச் சாவடிக்கு அதிகாரி. மற்ற நாளில் அதே ஊருக்கு வாத்தியாரம்மா.

“ஜீப்பு இறங்காது அக்கா,” என்றான் டிரைவர் வர்சமே. விடுதலைப் போரில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன். “அப்படி என்ன உள்ள, உன் கல்யாண நகையா?”

“உனக்கு நீந்தத் தெரியுமா, தெரியாதா?”

“பெர்பெராத் துறைமுகத்துக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“அப்ப இறங்கு.”

போதைக்கு மென்றுகொண்டிருந்த காத் இலையைத் துப்பிவிட்டு வந்தான். “உங்க ஊரு மூணு நாளா மரத்தடியில கூடிப் பேசுச்சாமே. பேசி முடிச்சா அத்தனை பேருக்கும் ஒரே வாய்தான். எல்லாமே ‘வேணும்’னு இருக்கும். இத எண்ண வேற செய்யணுமா?”

கின்சி முடிச்சுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

நடு ஆற்றில் வேரோடு வந்த முள்மரம் ஒன்று இரண்டு கேன்களைப் பிய்த்துக்கொண்டு போனது. பெட்டி சாய்ந்தது. அவள் கால் தரையைத் துழாவியது. தரை இல்லை. வாயெல்லாம் மண்.

“விட்ரு அக்கா. ஒரு ஊரு ஓட்டு இல்லாட்டி சட்டம் செத்தா போயிடும்?”

அவள் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

பெட்டி போனால் இவளும் போவாள். வர்சமேவுக்கு அது புரிந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தான்.

கரையேறியதும் ஓடினார்கள். அவள் காலில் செருப்பில்லை.

மாலைப் பாங்கு ஒலிக்கும்போது பெட்டி மேஜைமேல் இருந்தது. சீட்டு எண்ணும் அதிகாரி தார்ப்பாயைப் பிரித்து முத்திரையை உடைத்தார். முதல் சீட்டை விரித்தார்.

“வேண்டாம்.”

இரண்டாவது. “வேண்டாம்.”

ஐம்பதாவது சீட்டில் வர்சமே அவள் பக்கம் திரும்பினான். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்களக் கேக்காம எழுதின சட்டம் வேணாம்னு மரத்தடியில முடிவாச்சு. எனக்குத் தெரியாம இருக்குமா?”

“இதுக்கா என்னையத் தண்ணியில இறக்கின? இந்த நாட்டுக்கு ரெண்டு விரலக் குடுத்தவன்க்கா நான்.”

“தெரிஞ்சிருந்தா இறங்கியிருப்பியா?”

அவன் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தான்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, ஆத்தோட போச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா யாரு கேக்கப்போறா?”

“மிச்சத்த எண்ணுங்கய்யா.”

எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டும் ‘வேண்டாம்’.

பெட்டியின் அடியில் ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லப் பிரித்தெடுத்து, விளக்குக்கு நேரே பிடித்தார். இரண்டு முறை பார்த்தார்.

“வேண்டும்.”

ஊர் முடிவை மீறி ஒரே ஒரு சீட்டு. யார் போட்டிருப்பார்கள் என்று அதிகாரி கேட்கவில்லை.

கின்சி தன் மை வைத்த விரலை ஈர முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.