இணைப்பு இல்லை

மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்தபடி அவன் ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு மட்டும் சிவப்பிலேயே நின்றது.

"என்னடா, வருமா வராதா?" என்றாள் அம்மா.

"பார்த்துட்டுத்தான்மா இருக்கேன். திரையில என்ன போட்டிருக்கு?"

"என்னத்தையோ போட்டிருக்கு."

அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததிலிருந்து யாரையும் உள்ளே விடுவதில்லை. தினமும் காலையில், டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனதும், ஒரு நர்ஸ் வீடியோவில் அவரைக் காட்டுவாள். வாயில் குழாய் இருப்பதால் அவரால் பேச முடியாது. புருவத்தைத்தான் தூக்குவார். அந்தப் புருவத்தோடு அம்மா ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டில் சண்டை, ஒன்று பாக்கி விடமாட்டாள்.

அதற்காகப் பொழுது விடிந்ததுமே தலையை வாரிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். நர்ஸ் கொஞ்சம் தாமதித்தாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். இன்று மூக்குக் கண்ணாடிகூடப் போடாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"அவசரப்படாம பாருடா," என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடி வீட்டு டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாடியில நெட் பறக்குது, இங்க படுத்துக்கிச்சா? ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையும் ரிப்பேர் பார்க்கிற ஆள் வீட்லயே இந்தக் கதியா?"

"என்னன்னு தெரியலண்ணே."

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன். அம்மா அவர் முகத்தைப் பார்த்துடட்டும்."

"வேணாம்!"

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எழுந்த வேகத்தில் மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது.

"இல்லண்ணே... கோளாறு கம்ப்யூட்டர்லதான். எந்த நெட் கொடுத்தாலும் ஏறாது."

"அப்போ என் போன்லயே பார்த்துட்டாப் போச்சு!" டிரைவரின் கை சட்டைப் பைக்குப் போனது.

நல்லவேளை, அம்மாவே வாயைத் திறந்தாள்.

"இருக்கட்டும் தம்பி. அவனே சரி பண்ணிடுவான். உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகல?"

டிரைவர் தயங்கித் தயங்கி இறங்கிப் போனார். அவன் மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான். அங்கேதான் முகத்தைக் காட்டாமல் இருக்க முடிந்தது.

ரவுட்டருக்குப் பின்னால் மெல்லிய வெள்ளை ஒயர் ஒன்று கழன்று தொங்கியது. காலையில் அவன்தான் அதை உருவிவிட்டிருந்தான்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. "ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம். ரொம்ப முயற்சி பண்ணோம் சார்..." என்று ஒரு குரல் இழுத்தது. வாயிலிருந்த நுரையைத் துப்பத் தோன்றாமல் அப்படியே நின்றான். பிறகு அக்காவுக்குப் போன் போட்டான். அவள் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டார். நான் வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதே. சுகர் மாத்திரை போட்டிருப்பா. விஷயம் தெரிஞ்சா பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டா, வெறும் வயித்தோட மயங்கி விழுந்துடுவா. எப்படியாவது சாப்பிட வச்சுடுடா."

வைஃபையை நிறுத்தினால் வீடியோவும் வராது, உறவுக்காரர்கள் அனுப்பும் செய்தியும் அம்மா போனுக்கு வராது. அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"இது இப்போதைக்கு ஆகாதும்மா," என்று தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "நீ சாப்பிட்டுடு. அப்பாகிட்ட அப்புறமாப் பேசிக்கலாம்."

முதலில் அவரைப் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாள் என்றுதான் நினைத்தான். அதற்குப் பதில் சொல்ல இரண்டு மூன்று பொய்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தான்.

"சரி, நீயும் வா. ரெண்டு பேருமாச் சாப்பிடலாம்," என்று அம்மா அடுப்படிக்குப் போனாள்.

ரொட்டியைச் சுட்டு அவன் தட்டில் வைத்தாள். வாயில் போட்டால் மரத்தூள் மாதிரி இருந்தது. அவள் தன் பங்கைக் குனிந்த தலை நிமிராமல் மென்று முடித்தாள். அவன் தட்டு காலியானதும் இன்னொன்றை வைத்தாள்.

"போதும்மா."

"தின்னுடா. நேத்து ராத்திரியும் கொறிச்சுட்டுத்தான் எழுந்தே."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கண்ணீரையும் விழுங்கினான். ஒருவழியாக அம்மா சாப்பிட்டாயிற்று. அக்கா சொன்னபடி செய்துவிட்டோம் என்று நெஞ்சு ஒரு நொடி லேசானது. அடுத்த நொடியே, இனி எப்படிச் சொல்வது என்று கனத்தது.

தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்காவின் அழுகை படியேறி வந்தது.

இனி மறைக்க வழியில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா... காலையில ஆஸ்பத்திரியிலருந்து எனக்கு ஒரு போன்..."

அம்மா புடவைத் தலைப்பால் அவன் வாயோரம் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் துடைத்தாள்.

"முதல்ல எனக்குத்தான்டா பண்ணாங்க. உன்கிட்ட சொல்ல வாய் வரல, உன் நம்பரைக் கொடுத்துட்டேன்."