மூன்றாவது தெளிப்பு

தடயவியல் ஆபீஸில் அவளுக்கு லூமினால் அக்கா என்றுதான் பெயர். கழுவித் துடைத்த ரத்தக்கறை மீதும் லூமினால் மருந்தைத் தெளித்து விளக்கை அணைத்தால் நீலமாக ஒளிரும். அரை நிமிடத்தில் மங்கிவிடும். மறுபடி தெளிக்க வேண்டும்.

மனைவியைக் காணோம் என்று புகார் கொடுத்தவன் வீடு. மத்தியானம்தான், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். முதல் தெளிப்பில், குளியலறையிலிருந்து வாசலுக்குப் போகும் சின்னஞ்சிறு காலடிகள் தெரிந்தன.

“குழந்தையே கிடையாதுன்னு சொன்னாரே அக்கா?” என்றான் போட்டோகிராபர்.

“நீ படத்தை எடுப்பா.”

இரண்டாவது தெளிப்பில் காலடிகள் திரும்பியிருந்தன. அவளை நோக்கி வந்து, அவள் ஷூவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றன.

“லைட்டைப் போடு!”

போட்டான். தரை பளிச்சென்று இருந்தது.

“படம் சரியா விழலைக்கா. இன்னொரு தடவை...”

அவள் தன் காலடியிலேயே தெளித்தாள். விளக்கு அணைந்தது. தரையில் ஒன்றுமில்லை.

“போயிடுச்சு. வாங்க, போயிடலாம்.”

அவளுக்குக் கால் எழவில்லை. குனிந்தாள். அம்மாவின் பாதத்தில் ஏறி நின்று நடை பழகும் பிள்ளைபோல, அவள் ஷூக்களின் மேல் இரண்டு நீலப் பாதங்கள்.

அரை நிமிடத்தில் அவை மங்கின. கனம் குறையவில்லை.