எல்லாக் கடலுக்கும் தகுதி

ஏழு கடல்களும் சிவதர்ஷனுக்காகக் காத்திருந்தன.

அவனோ, மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றி வாவி கடக்கும் ‘பாதை’ என்ற தட்டைப் படகில், இரண்டு தயிர்ச்சட்டிக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

கையில் கப்பற் பணியாளருக்கான மருத்துவச் சான்றிதழ். இது இல்லாவிட்டால் பயிற்சிக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. கொழும்பில் எடுத்த கையோடு லமினேட்டும் செய்துவிட்டான்.

“கண், காது, நெஞ்சு, மூத்திரம், எல்லாம் பாத்துத்தான் மாமா குடுப்பாங்க. எந்தக் கடலுக்கும் போகலாமெண்டு எழுதியிருக்கு, பாருங்க.”

நல்லரத்தினம் இன்னும் மாமா ஆகவில்லை. பெரியகல்லாற்றில் இரும்புக்கடை வைத்திருப்பவர். முத்திரை குத்திய எந்தக் காகிதத்துக்கும் மரியாதை கொடுப்பவர். மகள் கஜானியைக் கொடுப்பதா இல்லையா என்பதை மண்டூர் முருகன் சந்நிதியில் வைத்துச் சொல்வதாக ஏற்பாடு.

கஜானிக்குச் சம்மதம். அப்பாவின் வாய்தான் திறக்க வேண்டும்.

தண்ணீர் இரும்பில் தட்டியது. டீசல் வாடை அடித்தது. பாதை மெல்ல ஆடியது.

சிவதர்ஷன் கால்களை அகட்டி வைத்துக்கொண்டான். அட்லாண்டிக்கில் நாற்பதடி அலை எழும்பினால் எப்படி நிற்க வேண்டும் என்று விளக்கினான். யூடியூபில் பார்த்ததுதான். ஆனால் பார்த்தவன்போலச் சொல்லவில்லை, நின்றவன்போலச் சொன்னான்.

நல்லரத்தினம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவன் பிடிக்கவில்லை.

“பயப்படாதீங்க மாமா. தூரத்தில ஒரு இடத்தப் பாத்துக்கொண்டு நில்லுங்க.”

யாரோ ஒரு மோட்டார்சைக்கிளை உருட்டினார்கள். பாதை இன்னொரு முறை ஆடியது.

சிவதர்ஷன் பேச்சை நிறுத்தினான். பசிபிக் இன்னும் பாக்கியிருந்தது.

நெற்றி வியர்த்தது. ஒரே ஓட்டமாக விளிம்புக்குப் போனவன், காலையில் சாப்பிட்ட புட்டையும் வாழைப்பழத்தையும் வாவிக்குக் கொடுத்தான்.

கஜானி ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டாள். முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

“கப்பல்ல முதுகு தடவ ஆரக் கூட்டிக்கொண்டு போவீங்க?”

நல்லரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“சத்தி எடுக்கிறதப் பத்தி இதில ஒண்டும் போடல்லையே, மருமகன்?”

முருகனுக்கு முன்னால் வரவேண்டிய வார்த்தை. வாய்தவறி இங்கேயே வந்துவிட்டது.

அவ்வளவு ஓங்காளத்துக்கு நடுவிலும் சிவதர்ஷனுக்கு அது தெளிவாகக் கேட்டது. காதுப் பரிசோதனையிலும் தேறியவன் அல்லவா?

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். மார்பு பழையபடி விரிந்தது.

“போகப்போகப் பழகிடும் மாமா.”

கஜானி இறங்கிப்போய், பெட்டிக்கடையில் குமட்டலுக்கு மோந்துபார்க்க ஒரு தேசிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பாதை இன்னும் புறப்படவில்லை.