விட்டேக்கருக்கு எதிராக ஏழு பக்கம்

முன்னாள் ஜனாதிபதி விட்டேக்கரைக் கிழித்துத் தொங்கவிட, ஊர்க் கூட்டத்துக்கு ஏழு பக்கம் எழுதி வந்திருந்தேன். நாலாம் பக்கத்திலேயே என் பக்கத்து ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள்.

"தொழிற்சங்கத்தை உடைச்சாரு! ஏழைங்களுக்கு இருந்த சலுகையெல்லாம் வெட்டினாரு! அந்த ஆளு பேரையா நம்ம பள்ளிக்கூடத்துக்கு வைக்கறது?" என்று மேஜையைத் தட்டினேன். காபி கொட்டி ஐந்தாம் பக்கம் நனைந்ததுதான் மிச்சம்.

"சார், நேரம் முடிஞ்சிருச்சு. உட்காருங்க," என்றாள் மார்லிஸ். இன்று பள்ளிக் குழுத் தலைவி. ஒரு காலத்தில் என்னிடம் வரலாறு படித்தவள். அப்போதும் நான் பேசும்போது கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்து பேச வேண்டியவன் வெர்லின். பன்றிப் பண்ணைக்காரன், பள்ளி நாளிலிருந்து என் கூட்டாளி, விட்டேக்கரின் பரம பக்தன். நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேவிஸ் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, முட்டை ஆறிப்போகும்வரை அந்த ஆளைப் பற்றியே சண்டை போடுவோம்.

"வரியைக் குறைச்சாருடா! மாஸ்கோக்காரனையே இறங்கி வர வெச்சாருடா!" என்பான் அவன். "மாஸ்கோ இறங்குச்சு, நம்ம ஊரு டிராக்டர் தொழிற்சாலை ஏறுச்சா?" என்பேன் நான். ஒருவர் சொல்வதை ஒருவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் அதில் சுகம்.

ஒன்பது வாரமாக அவன் வரவில்லை. காரணம் என் வாய். "உன் தலைவர் ஆட்சியிலதான் உங்கப்பா நிலம் ஏலத்துக்குப் போச்சு. இன்னும் அந்தாளு பேட்ஜைத் தொப்பியில குத்திக்கிட்டுத் திரியறியே, வெக்கமா இல்ல?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். பாதி முட்டையோடு எழுந்து போனவன்தான்.

எங்கள் அயோவாவில் வாயால் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது. போய் அடுத்தவன் வாசலில் குவிந்த பனியை வாரித் தள்ளுவோம், அதுதான் மன்னிப்பு. நானும் இரண்டு தடவை வாரினேன். மூன்றாம் தடவை போனபோது, நான் வருவதற்குள் அவனே வாரி முடித்து, கதவையும் சாத்தியிருந்தான்.

இப்போது வெர்லின் எழுந்தான். தொப்பியில் எப்போதும் மின்னும் விட்டேக்கர் பேட்ஜைக் காணோம். நடுநிலைவாதி வேஷம் போட்டு நாலு ஓட்டை அமுக்கப் பார்க்கிறான், கள்ளன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் சொல்ல வேண்டியதை நாற்பது வருஷமா சொல்லிட்டேன்," என்றான். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான். என் ஏழு பக்கத்துக்கு விழாத கைதட்டல் அதற்கு விழுந்தது.

எங்கள் ஊரில் இந்த மாதிரி விஷயத்துக்கு ஓட்டுச் சீட்டு இல்லை. வேண்டும் என்பவர்கள் ஜன்னல் பக்கச் சுவர், வேண்டாம் என்பவர்கள் கதவுப் பக்கச் சுவர். ஒருமுறை எண்ணிவிட்டு, ஆள் இழுக்கப் பத்து நிமிஷம் விடுவார்கள். விசில் ஊதிவிட்டால் நின்றவர் நின்ற இடம்தான்.

"முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு!" என்றாள் மார்லிஸ்.

கூடம் சந்தையாகிவிட்டது. "ஒரே ஒரு ஆளை இழுத்தா போதும் லோவெல், ஜெயிச்சிரலாம்!" என்று என் தோளை உலுக்கினாள் பக்கத்தில் நின்ற தபால்காரி ஜோலீன்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெர்லின் யாரையும் இழுக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு தனியாக நின்றான்.

பள்ளிக்கு யார் பெயர் இருந்தால் என்ன? எனக்கு என் சனிக்கிழமை வேண்டும். எதிர் நாற்காலியில் அவன் வேண்டும்.

ஆனால் கூடத்தின் நடுவே நடந்து போகும் துணிச்சல் வரவில்லை. நாற்பது வருஷக் கொள்கையைக் கைவிடுகிறவன் கொஞ்சம் மறைவாகத்தானே கைவிட வேண்டும்? ஏழு பக்கத்தையும் நாற்காலியில் போட்டுவிட்டு, யாரோ தின்று வைத்த காலித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்தை ஒட்டிய சமையலறைக்குள் நுழைந்தேன். பாத்திரம் கழுவுகிறவர்களைச் சுற்றிக்கொண்டு மறுவாசலில் வெளியே வந்து ஜன்னல் சுவரில் ஒட்டிக்கொண்டேன். மார்லிஸ் விசில் ஊதினாள்.

அந்தப் பக்கத்து ஆட்கள், தேவாலயத்துக்குள் பன்றி வந்ததுபோல் என்னைப் பார்த்தார்கள். கையில் தட்டு வேறு.

மார்லிஸ் இரண்டு தடவை எண்ணினாள். "மறுபடியும் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு! இவ்வளவு நேரம் கத்தி ஒருத்தர்கூடவா நகரல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் திரும்பக் கூடுவோம்."

நான் நகர்ந்தேனே! என் கொள்கைக்கு ஒரு ஓட்டு மதிப்புகூட இல்லையா? போகட்டும், வெர்லின் பார்த்தால் போதும் என்று வரிசை முழுக்க அவனைத் தேடினேன். அவன் அங்கே இல்லை.

எதிர்ச் சுவரில் இருந்தான். நான் நின்ற அதே இடத்தில், ஜோலீனுக்குப் பக்கத்தில், கையில் காபி நனைந்த என் ஐந்தாம் பக்கத்தை வைத்துக்கொண்டு.

என்னையும் என் தட்டையும் ஏற இறங்கப் பார்த்தான். ஒன்பது வாரத்துக்குப் பிறகு அவன் வாய் கோணலாகச் சிரித்தது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்:

"சனிக்கிழமை ஏழு மணிக்கு வாடா, அந்த விட்டேக்கர் எவ்வளவு மோசமான ஆளுன்னு நான் உனக்குச் சொல்றேன்!"