வெளியே மட்டும் துடைக்கும் அலுமாரி

சுகந்தி புருஷன் மேல் வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போய்விட்டாள் என்பதுதான் அந்த மாதம் முழுக்க பேர்ண் தமிழ்ச் சனத்தின் கதை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கென்று ஒரு பாதிரியார் தந்திருந்த மண்டபத்தில், கடலை பங்கிடும்போதும் அதே பேச்சு. சுவிசுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, பெர்மிட் கையில் கிடைக்கவில்லை, அதற்குள் கோட்டா என்று கேட்டார்கள்.

“எங்கடை அவர் கை நீட்டினதுக்கெல்லாம் கோட்டுக்குப் போறதெண்டால், நான் அங்கையே ஒரு அறை எடுத்து இருந்திருக்க வேணும்,” என்றாள் இந்திரா.

எல்லோரும் சிரித்தார்கள். புனிதவதி மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் சேர்த்து வை என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குடும்பத்துக்கு அவர் மூத்த அக்கா மாதிரி. இரண்டு தரம் சுகந்தி அழுதுகொண்டு அவர் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு தரமும் புனிதவதி சோறு போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, புருஷன் குணசேகரத்தைக் கூப்பிட்டு, அவன் கையில் அவள் கையைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினார். கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை என்று புத்தியும் சொன்னார்.

இரண்டாம் தரம் அனுப்பி ஒரு கிழமையில் சுகந்தியின் கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்ததாகச் சொன்னாள். புனிதவதி அவளுக்காகப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார்.

மூன்றாம் தரம் அவள் புனிதவதியிடம் வரவில்லை. நேரே பொலிசுக்குப் போனாள். குணசேகரம் அவளை நெருங்கக்கூடாது, அவள் இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று கோட்டு கட்டளை போட்டுவிட்டது. ஒரு சொல் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்று புனிதவதிக்கு மனத்தாங்கல்.

பூசை முடிய குணசேகரம் பக்கத்தில் வந்து நின்றான். முகம் மழித்து, திருநீறு பூசியிருந்தான். நாற்பது நாளாகக் குடிக்கவில்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, நீங்கள்தானே அந்தப் பொலிஸ் கந்தோர் துடைக்கிறனீங்கள்?”

ஓம். பேர்ணுக்குப் பக்கத்துச் சின்ன ஊர். பின்னேரத்தில் அங்கே கூட்டித் துடைப்பது அவர் வேலை. இப்படிப்பட்ட கோட்டுக் கட்டளைகளின் கார்டுகளெல்லாம் அங்கே ஓர் இரும்பு அலுமாரியில்தான் இருந்தன. வெளிப்பக்கம் மட்டும் துடைத்தால் போதும் என்று பொலிஸ் பெரியவர் மோசர் முதல் நாளே கையால் காட்டியிருந்தார். அவரே திறந்தாலும், பக்கத்தில் தொங்கும் கொப்பியில் பேரும் நேரமும் எழுதித்தான் திறப்பார்.

“விலாசத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. காலிலை விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு வாறன்.”

“அது பிழை தம்பி.”

“புருஷன் பெண்சாதியைச் சேத்து வைக்கிறது பிழையோ அக்கா?”

“திங்கட்கிழமை பின்னேரம் பஸ் தரிப்பிலை நில்லும்,” என்றார் புனிதவதி.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். எதிரே பஸ் தரிப்பில் குணசேகரம் காத்து நின்றான். மோசரின் மேசை லாச்சியில் அலுமாரித் திறப்பு இருந்தது. நல்லதுக்குத்தானே செய்கிறேன் என்று பிள்ளையாருக்குச் சொல்லிவிட்டு, புனிதவதி அலுமாரியைத் திறந்தார்.

கார்டுகள் பேர் வரிசையில் இருந்தன. கஷ்டமில்லாமல் கிடைத்துவிட்டது. முன்பக்கத்தில் ஏதோ நாலு வரி. விலாசம் பின்பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவருக்கு டொச் பாஷை தெரியாது. ஆனால் துடைக்கிற வேலையில் ‘நிஹ்ட்’ என்ற சொல்லை மட்டும் நன்றாகப் பழகியிருந்தார். தொடாதே, மிதிக்காதே, தண்ணீர் ஊற்றாதே, எல்லா அறிவித்தலிலும் அது இருக்கும். இந்தக் கார்டில் அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தது. அதற்கும் கீழே, ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுப் பேர்கள்.

ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார்.

கார்டைத் திருப்பவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து அலுமாரியைப் பூட்டினார். முகம் சுட்டது. பார்க்க ஒருவரும் இல்லாத அந்தக் கந்தோரில், வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, வேலை அங்கியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். படியில் விழுந்தேன் அக்கா என்று அவள் சொன்ன நேரம், இவர் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. அது இப்போதுதான் விளங்கியது.

பிறகு எழும்பிக் கொப்பியை எடுத்தார். மோசரின் பேருக்குக் கீழே தன் பேரையும் நேரத்தையும் எழுதினார். நாளைக்கு வேலை போகும். போகட்டும் என்று நினைத்தார்.

பஸ் தரிப்பில் குணசேகரம் ஓடி வந்தான்.

“கிடைச்சுதோ அக்கா?”

“கார்டு கிடைச்சுது தம்பி. விலாசம் பாக்கேல்லை.”

“ஏன்? நீங்கள் எங்கடை ஆளெல்லோ. அவளுக்குத் தாய் மாதிரியெல்லோ.”

புனிதவதி அவன் முகத்தைப் பார்க்காமல், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவள் இருக்கிற இடத்தை ஆர் ஆருக்குச் சொல்லக்கூடாதெண்டு, அவள் சொல்லிப் பேர் எழுதியிருக்கினம். முதலாவது நீர். ரெண்டாவது நான்.”