இருமாமல் ஒரு தடவை

கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த மாணவி ஷெர்லின் பொறுமையிழந்துவிட்டாள். ஆறு முறை பதிவு செய்தும், மாடக்கண்ணுவின் பேச்சு ஒவ்வொரு முறையும் இருமலில் அறுந்தது.

"அண்ணே, ஒரே ஒரு தடவ இருமாமச் சொல்லிருங்க. நீங்க பேசுறதே கேக்க மாட்டேங்குது."

அவர் வெந்நீர் குடித்தார். தொடையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருபது வருடம் பாறை உடைத்ததையும், நுரையீரல் முழுக்கத் தூசி என்று டாக்டர் சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன.

"சூப்பர்ண்ணே," என்று ஷெர்லின் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "இதக் கேட்டா குவாரிக்காரன் சந்தோசப்படுவாம்மா. இவருக்கு ஒரு நோவும் இல்லன்னுதான அவனும் சொல்லுதான்."

மாடக்கண்ணு அடக்கிவைத்த இருமலெல்லாம் அப்போது வெடித்துக் கிளம்பியது. ஷெர்லினின் விரல் ரெக்கார்டரை நிறுத்திய பொத்தானின் மேலேயே இருந்தது.