ஒன்பது மணிக்குப் போன கரண்ட்

"மணி ஒம்பது ஆறு. இன்னும் கரண்ட்ட நிறுத்தல. வெளங்குமா இது?"

கட்டிலில் சாய்ந்தபடி அவள் புருஷன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பொருமினார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவாள்.

கரண்ட் போய் ஆறு நிமிஷம் ஆகிறது.

பக்கத்து வீட்டு மிக்ஸி சட்னியைப் பாதியில் விட்டது அவளுக்குக் கேட்டது. எதிர்வீட்டு டிவி சட்டென்று அடங்கியதும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால் வேறு என்ன கேட்கும்?

ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாடா!

அந்த மெஷின் நின்றால் அவருக்கு மூச்சு கிடையாது. வீட்டில் சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு. நாற்பது நிமிஷம் தாங்கும். அதனால் மாதாமாதம் பராமரிப்புக்கென்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்துகிற நாளெல்லாம் அவர்களுக்கு ஆஸ்பத்திரி நாள். ஆட்டோ பிடித்துப் போய், வராந்தா பெஞ்சில் எட்டு மணி நேரம்.

முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவர். அவர் கை வைத்தால்தான் ஊருக்கே வெளிச்சம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பிளக் பாயிண்ட்டுக்காக நர்ஸிடம் கெஞ்சுவார்.

இனி அந்த பெஞ்சில் இவரை உட்கார வைப்பதில்லை என்று ஒருநாள் முடிவு செய்தாள்.

அவளுக்கு வேலை, பழைய கம்ப்யூட்டர் உடைக்கும் குடோனில். லேப்டாப் பேட்டரியைப் பிளந்தால் உள்ளே விரல் பருமனில் ஆறு செல் இருக்கும். ஒன்றிரண்டு செத்திருக்கும். மற்றதெல்லாம் உயிரோடுதான் குப்பைக்குப் போகும்.

தீபாவளிக்கு முதலாளி சேலை நீட்டியபோது, சேலை வேண்டாம், அந்தச் செல்லைக் கொடுங்கள் என்றாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டுமே!

செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றாள். ஒவ்வொரு செல்லையும் முழுக்க சார்ஜ் ஏற்றி, மேலே வோல்ட்டேஜை எழுதி, ஒரு மாதம் சும்மா போட்டுவைத்தாள். பிறகு மறுபடி அளந்தாள். துளி இறங்கியிருந்தாலும் ஓரங்கட்டினாள். ஆயிரத்துச் சொச்சத்தில் தேறியது நானூற்று நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் முடி மாதிரி ஒரு ஃபியூஸ் கம்பி வைத்துப் பற்றவைத்தாள். வெளிச்சுவரில் இரும்புப் பெட்டியடித்து, அதற்குள் ஒரு இன்வெர்ட்டரோடு சேர்த்து வைத்துப் பூட்டினாள்.

"கம்பத்துல ஏறாதவங்களுக்கெல்லாம் கரண்ட் வெளையாட்டாப் போச்சு" என்றார் அவர். இன்றைக்கும் வாசலில் ஆட்டோவை நிறுத்திவைக்கச் சொன்ன பிறகுதான் வீட்டிலிருக்கச் சம்மதித்தார்.

மணி ஒன்பது பத்து.

அவருக்குப் பொறுக்கவில்லை. செக்‌ஷன் ஆபீஸில் வேலை பார்க்கும் மயில்சாமிக்கு போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"டேய் மயில்சாமி, இன்னிக்கு ஷட் டவுன் இல்லியாடா? நானிருந்தப்ப ஒம்பதுன்னா ஒம்பது."

"ஒம்பதுக்கே எடுத்தாச்சுங்ணா. நானே உங்க தெருவுலதான் நிக்கறேன். பசங்க கம்பத்துல இருக்கறாங்க."

"எங்கூட்டுல மெஷின் ஓடுதேடா?"

மயில்சாமி கம்பத்தைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், எறங்குங்கடா! கம்பியத் தொடாதீங்க! எல்லாரும் எறங்கு!"

அந்தச் சத்தம் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகத் தெருவிலிருந்தும் கேட்டது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கரண்ட் நிறுத்திய தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் இருந்தால் அது திரும்பிக் கம்பத்துக்கும் ஏறலாம். யார் வீட்டு ஜெனரேட்டரோ அப்படி அடித்துப்போட்ட ஒரு கூட்டாளியை அவரே கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்.

மெஷினைப் பார்த்தார். அதிலிருந்து ஜன்னலுக்குப் போகிற கறுப்பு ஒயரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது உன்ற பேட்டரியா?"

"ஆமாங்க."

"மெயின எறக்குனயா?"

பெண்டாட்டியிடம் பேசுகிற குரல் இல்லை அது. கம்பத்தடியில் கூட்டாளியிடம் கேட்கிற குரல்.

"எட்டே முக்காலுக்கே எறக்கிட்டனுங்க."

இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டையை உருவிக் காட்டினாள். பிடுங்கிய ஃபியூஸை வேலை முடிகிற வரை யார் கையிலும் கொடுக்காமல் தன் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார் அவர். இத்தனை வருஷமாக அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள்தானே.

அவர் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயிலு... இது லைன்ல வர்ற கரண்ட் இல்லடா. எங்கூட்டுக்காரி செஞ்சது."

மூச்சு வாங்கியது. இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தபோது குரல் வாசல் வரை போனது.

"குப்பையில போட்ட பேட்டரிலடா! நானூத்திச் சொச்சம் செல்லுடா!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

"அப்பிடீங்களாண்ணா! அப்ப பசங்கள ஏறச் சொல்லட்டுங்களா? லைன் க்ளியர் குடுங்ணா."

அந்தச் சொல் காதில் விழாமல் எவனும் கம்பத்தில் ஏற மாட்டான். கரண்ட்டுக்குப் பொறுப்பானவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் கம்பியில் கை வைப்பார்கள். முப்பது வருஷமும் அதைக் கேட்டு ஏறியவர் அவர், சொல்லி ஏற்றியவரும் அவர்.

வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார்.

"என்னையக் கேக்காத. கரண்ட் அவளுது."

போனை அவள் பக்கம் நீட்டினார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வாங்கினாள்.